ஜுல்ஃபிகர் சொன்ன தேதி

"எப்ப முடியும் சார்?"

"பதினஞ்சாம் தேதி."

"நிஜமா எப்ப முடியும்?"

"மேடம், நீங்க வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆச்சு?"

"இந்த வாரம்தான்."

"அதுக்குள்ள இந்தக் கேள்வியா? உங்களுக்கு முன்னாடி இருந்த உத்தமன் சார் பதினஞ்சுன்னு சொன்னா பதினஞ்சுன்னே எழுதிப்பார். நல்ல மனுஷன்."

"அப்ப நான் எட்டாம் தேதி போட்டுக்கறேன்."

"நான் எட்டுன்னு சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லல. நான் போட்டுக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முந்திய பேச்சு இது. ரைஹானா இதை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். முதல் சந்திப்பு என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள லாயக்கில்லாதது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று ஜுல்ஃபிகர் ஹெல்மெட்டைக் கழற்றி, அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டு போனது அவளுக்கு மறக்கவில்லை. அந்த வேலை எட்டாம் தேதி முடிந்தது.

மண்ணூர்பேட்டையில் அவர்கள் கம்பெனி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இடம் போதாமல் திணறும் பட்டறைகளைப் பெயர்த்தெடுத்து, ஆவடிக்கு அப்பால் கட்டியிருக்கும் புது ஷெட்டுகளில் கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது தொழில். எந்த மெஷினை எப்போது நிறுத்துவது, கிரேன் என்றைக்கு, கரண்ட் என்றைக்கு, அதற்கு முன் அடித்தளம் என்றைக்கு என்று திட்டம் போடுவது ரைஹானாவின் வேலை. அந்தத் திட்டப்படி ஆட்களை வைத்துக்கொண்டு செய்து முடிப்பது ஜுல்ஃபிகரின் வேலை. இருவருக்கும் நடுவில் இருந்தது தேதி மட்டும்தான்.

ஜுல்ஃபிகர் எந்தத் தேதி சொன்னாலும் அதில் ஒரு வாரம் கூடுதலாக இருக்கும். மழை வரலாம், கிரேன் வராமல் போகலாம், ஆட்கள் யாராவது மச்சான் கல்யாணத்துக்குப் போகலாம். ரைஹானா அந்த ஒரு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவாள். அவன் கூட்டுவதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அவள் கழிப்பதைப் பற்றி அவன் பேசுவதில்லை. குமணன்சாவடியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் அமீருதீனின் மகளுக்கு இது புதிதல்ல. அத்தா ஒரு விலை சொல்வார், வந்தவர் குறைத்துக் கேட்பார், இருவரும் முகம் கோணாமல் நடுவில் வந்து சேர்வார்கள். யாரும் யாரையும் பொய்யர் என்று சொன்னதில்லை.

இப்படியே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் முதலாளி ஸ்ரீநாத் ரைஹானாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கோயம்புத்தூர்ல பிராஞ்ச் திறக்கறோம். பிளானிங் முழுசும் உங்க பொறுப்பு. என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிங்க. வேப்பம்பட்டு ஷெட்ல முதல் மெஷின் இறங்கின மறுநாள் எனக்குப் பதில் வேணும். அதுக்கு மேல தள்ள முடியாது."

ரைஹானா யோசித்தாள். யோசிப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் வேலை நல்ல வேலை. இங்கே இருக்க ஒரு காரணம் இருந்தால் போக மாட்டாள், இல்லாவிட்டால் போய்விடுவாள். அந்தக் காரணம் ஒவ்வொரு நாளும் கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வானகரம் சிக்னலில் தூங்கிப்போய், குமணன்சாவடியில் அவள் இறங்கும்போது மட்டும் சரியாக விழித்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்று சொல்லும். இறங்குவது அவள்தான். ஆனாலும் "வரேன்" என்று அவன்தான் சொல்வான். பிறகு வேன் பூந்தமல்லிக்குப் போய்விடும்.

அவனுக்கும் மனசில் இருந்தது. இதில் ரைஹானாவுக்குச் சந்தேகமில்லை. போன பெருநாளுக்கு அவன் அம்மா வஹீதுன்னிசா பிரியாணி அண்டாவோடு தானே ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்தார். எல்லாருக்கும் தட்டில் வைத்தார். ரைஹானாவின் தட்டில் மட்டும் இரண்டாவது தரமும் வைத்துவிட்டு, "உனக்குக் கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். "ஒரு தம்பி. துபாய்ல இருக்கான்." "அத்தா கடையிலதான் இருப்பாரா, வெள்ளிக்கிழமை வீட்டுல இருப்பாரா?" "வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுல இருப்பாரு." வஹீதுன்னிசா தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் வந்துபோயின. வீட்டு வாசலில் கேபிள்காரர் வந்தார், கொரியர் வந்தது.

மகன் வாயைத் திறந்து சொல்லாமல் அந்த அம்மா வர மாட்டார். அது ரைஹானாவுக்குப் புரிந்தது. ஜுல்ஃபிகரிடம், "உங்க அம்மாவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொன்னால் தீர்ந்தது. ஒரே வாக்கியம். பெருநாளிலிருந்து அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். சொல்லாததற்குக் காரணம் வெட்கமில்லை, தொழில் பழக்கம். அடுத்தவர் தொடங்க வேண்டிய வேலையை நீ தொடங்கினால் பிறகு அதில் வரும் எல்லாத் தாமதத்துக்கும் நீதான் பொறுப்பு. இதை அவள் பல கூட்டங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறாள்.

கோயம்புத்தூர் சேதி வேனுக்குள் பரவிய அன்று ஜுல்ஃபிகர் தூங்கவில்லை. மதுரவாயல் தாண்டியதும் பின்னால் திரும்பினான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"கோயம்புத்தூர் போறீங்களாமே."

"இன்னும் சொல்லல."

"நல்ல ஊரு. தண்ணி நல்லா இருக்கும்."

"அப்படித்தான் சொல்றாங்க."

"ஆமா. சிறுவாணி." முன்னால் திரும்பி, மறுபடியும் பின்னால் திரும்பினான். "வேப்பம்பட்டுக்கு கிரேன் சொல்லியாச்சா?"

"நீங்க தேதி சொன்னாத்தானே சார் கிரேன் சொல்ல முடியும்?"

"நாளைக்குச் சொல்றேன்."

டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் ஆவடி சைட்டிலிருந்து ஜுல்ஃபிகர் போன் செய்தான். வேப்பம்பட்டு ஷெட்டின் உரிமையாளர் பக்தவத்சலம். அம்பத்தூரில் இருந்த அவருடைய பட்டறையில் பெரிய மெஷின் ஒன்று இருந்தது. அதைத்தான் முதலில் இறக்க வேண்டும். அதற்குத் தரையில் பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது நன்றாக இறுகிய பிறகே மெஷினை வைக்கலாம்.

"மெஷினை இருபத்தி நாலாம் தேதி, ஞாயித்துக்கிழமை, வைக்கலாம்" என்றான். சொல்லிவிட்டு உடனே போனை வைக்கவில்லை. "இருபத்தி நாலு, மேடம்" என்று இன்னொரு தரம் சொன்னான்.

"சரி சார்" என்றாள் ரைஹானா. பதினேழு என்று எழுதினாள்.

அப்படி எழுதியதில் கோயம்புத்தூருக்குப் பதில் சொல்லும் நாளும் ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சொந்தக் காரியத்துக்காகத் தேதியைத் தள்ளிப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கிரேனுக்குச் சொன்னாள், டிரெய்லருக்குச் சொன்னாள், அம்பத்தூர் பட்டறையில் மெஷினை நிறுத்த வேண்டிய நாளைச் சொன்னாள். முழுத் திட்டத்தையும் வாட்ஸப் குழுவில் போட்டாள். போனில் திறந்தால் எறும்பு வரிசை மாதிரி தெரியும் திட்டம் அது. குழுவில் இருந்த எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஜுல்ஃபிகரும் தூக்கினான். அப்போது அவன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு முதல் தடவையாக உண்மைத் தேதி சொல்லியிருந்ததால் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பக்தவத்சலம் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பதினேழாம் தேதியை ஜோசியரிடம் கொண்டுபோனார். ஜோசியர் அன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை அருமையான நேரம் என்றார். பக்தவத்சலம் பத்திரிகை அடித்தார்.

அந்தப் பத்திரிகை வியாழக்கிழமை ஜுல்ஃபிகருக்கு வந்தது. அவன் போன் செய்தபோது ரைஹானா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், பதினேழுன்னு பத்திரிகை வந்திருக்கு."

"எனக்கும் வந்தது. டிபன் உண்டாம்."

"கான்கிரீட் திங்கக்கிழமைதான் போட்டேன். இன்னும் பச்சையா இருக்கு."

"அதெப்படி? நீங்க இருபத்தி நாலுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. இருபத்தி நாலு."

"அப்ப பதினேழு."

"இல்ல மேடம். இருபத்தி நாலுன்னா இருபத்தி நாலு."

ரைஹானா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாரம் கூட்டலயா?"

"கூட்டல."

"சொல்ல வேண்டாமா?"

"கூட்டினப்பவும் நான் சொன்னதில்லையே மேடம்."

அவள் பக்தவத்சலத்துக்குப் போன் செய்து ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "அரக்கோணத்துலேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்கம்மா" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் புரிந்தது. அதற்குள் மெஷினும் அம்பத்தூரில் போல்ட் கழற்றப்பட்டு, கயிறு கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குத் தயாரான மாதிரி நின்றது. ஸ்ரீநாத்திடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்தார். "மெஷின் அன்னிக்குப் போகட்டும். போய் என்ன பண்றதுன்னு நீங்க ரெண்டு பேருமே பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரைஹானா கிளம்புவதை அமீருதீன் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஒரு தப்பு நடந்திருச்சு அத்தா."

"யார் தப்பு?"

"அதைத்தான் பாக்கப் போறேன்."

"கோயம்புத்தூருக்கு என்ன சொல்லப் போற?"

"நாளைக்குச் சொல்லணும்."

"போறதா இருந்தா சந்தோஷமாப் போ. சித்தி அங்கதான் இருக்கா. போகலன்னா, ஏன் போகலன்னு எனக்காவது சொல்லு." அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பொண்ணு கேட்டு வர்ற இடத்துக்கெல்லாம் பிராஜெக்ட் நடக்குது, பிராஜெக்ட் நடக்குதுன்னு சொல்லி அனுப்பறேன். பார்க்கிறவங்க என்னம்மா நினைப்பாங்க, மெட்ரோ ரயிலே நீதான் கட்டறன்னு நினைக்கப் போறாங்க."

ஆவடி வரை பஸ், அங்கிருந்து ரயில். வேப்பம்பட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே தரையில் பள்ளம், அதில் புதுக் கான்கிரீட், அதன்மேல் ஈரச்சாக்கு. ஜுல்ஃபிகர் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

கிரேன் ஆட்களின் மேஸ்திரி எத்திராஜ் அவளைப் பார்த்ததும் வந்தார்.

"இன்னா மேடம் இது? பள்ளத்துல தண்ணி நின்னுகினு கீது, மெஷினு வெளிய வந்துகினு கீது. அதுக்கு நீச்சல் தெரியுமா?"

"வண்டி வந்தாச்சா அண்ணா?"

"வாசலாண்ட நிக்குது. டிரைவரு டிபன் துன்னப் பூட்டான். சாரைக் கேட்டா மேடத்தைக் கேளுங்கறாரு. மேடம், இன்னா பண்றது?"

ரைஹானா ஜுல்ஃபிகரைப் பார்த்தாள். அவன் சாக்கைப் பார்த்தான். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பக்தவத்சலம் பட்டு வேட்டியில் புரோகிதர் பக்கத்தில் நின்று, கடிகாரத்தையும் ரைஹானாவையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று மெஷினை அதன் இடத்தில் வைத்தால் கான்கிரீட் பாழாகும். வைக்காவிட்டால் முகூர்த்தம் பாழாகும். இந்த இரண்டில் எது தள்ளக்கூடியது என்று தெரியாமல் எதையும் தொட முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார். அவள் நேராகப் புரோகிதரிடம் போனாள்.

"சாமி, இந்த நேரத்துக்குள்ள மெஷின் என்ன பண்ணணும்? அதோட இடத்துலயே உக்காரணுமா, இல்ல இந்தக் கூரைக்குக் கீழ வந்தாப் போதுமா?"

புரோகிதர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் யோசித்தார்.

"கிரகப்பிரவேசத்துல பாலைத்தானேம்மா காய்ச்சறோம்? கட்டிலையும் பீரோவையும் அன்னிக்கேவா போடறோம்?"

"அப்ப உள்ள வந்து தரையில இறங்கினாப் போதும்?"

"தாராளமா."

பக்தவத்சலம் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி, "எங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜே ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது" என்றார். விஷயம் முடிந்தது.

எத்திராஜின் ஆட்கள் பள்ளத்திலிருந்து தள்ளி, நல்ல தரையில் மரக்கட்டைகளை அடுக்கினார்கள். டிரெய்லர் பின்பக்கமாக உள்ளே வந்தது. ஜுல்ஃபிகர் சாக்கையும் பைப்பையும் மறந்து, கையைத் தூக்கி, விரல்களால் கிரேன்காரருக்கு இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இறக்கு என்று காட்டினான். ரைஹானா இரண்டு வருஷமாக இந்த வேலைகளுக்குத் தேதி போட்டிருக்கிறாள். அவன் செய்வதை நின்று பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய இரும்பு அவன் விரல் அசைவுக்கு ஒரு பூனை மாதிரி இறங்கி மரக்கட்டைமேல் உட்கார்ந்தது. மெஷினுக்குச் சந்தனம் வைத்தார்கள். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். அதை இன்னொரு தரம் தூக்கிப் பள்ளத்தில் வைக்க வேண்டும், அதற்கு மறுபடியும் கிரேன் வர வேண்டும் என்பதைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை.

ஸ்ரீநாத் போன் செய்தார்.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு சார். ஆனா இடத்துல இல்ல."

"ஷெட்டுக்குள்ளதானே இருக்கு? அப்ப இறங்கினதுதான். நாளைக்குக் காலைல கோயம்புத்தூர் விஷயத்தைச் சொல்லிடுங்க."

எல்லாரும் பொங்கல் வடைக்குப் போய்விட்டார்கள். ஜுல்ஃபிகர் மறுபடியும் பைப்பை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். ரைஹானா செருப்பில் சேறு படாத இடமாகப் பார்த்து வந்து எதிர்ப்பக்கம் நின்றாள்.

"ஏன் சார் உண்மையைச் சொன்னீங்க?"

"சொல்லக் கூடாதா மேடம்?"

"ரெண்டு வருஷமா சொல்லாம திடீர்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரெண்டு தடவை சொன்னேனே."

"ரெண்டு தடவை சொன்னதாலதான் கண்டிப்பாக் கூட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவன் ஒரு மூலையிலிருந்த சாக்கைக் காலால் சரிசெய்தான்.

"அம்மா கேட்டாங்க" என்றான். "அந்தப் பொண்ணுகிட்ட தினமும் என்னதான்டா பேசுவேன்னு. தேதி பேசுவோம்னேன். அந்தத் தேதியையாவது ஒழுங்காச் சொல்றியான்னாங்க. இல்லன்னேன். சாப்பாட்டை வெச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அதனால?"

"அதனால சரியாச் சொல்லிப் பாக்கலாம்னு."

"சொல்லிப் பாத்து?"

"அது சரியா நடந்தா, அடுத்தது பேசலாம்னு."

"அடுத்தது எது?"

ஜுல்ஃபிகர் தண்ணீர் போகும் வழியையே பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"மொதல்ல இது இறுகட்டும் மேடம். இருபத்தி நாலாம் தேதி மெஷினை எடுத்து இதுல வெச்சிடறேன்."

"வெச்சிட்டு?"

"அலைன்மென்ட் பாக்கணும். அதுக்கு ரெண்டு நாள்."

"அப்புறம்?"

"கரண்ட் கொடுத்து ஓட்டிப் பாக்கணும். பக்தவத்சலம் சார் கையெழுத்துப் போடணும். அவர் மெதுவாத்தான் போடுவார். எல்லாம் முடிஞ்சதும் ஒரு நல்ல நாளாப் பாத்து..."

எத்திராஜ் கையில் தொன்னையோடு வந்தார். "சார், கிரேனு கிளம்பட்டா?"

"கிளம்பட்டும் அண்ணா."

எத்திராஜ் இந்தப் பக்கம் நின்றவனையும் அந்தப் பக்கம் நின்றவளையும் பார்த்தார். "நீங்க பேசிகினு இருங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, வடையைக் கடித்துக்கொண்டே போனார்.

ரைஹானாவுக்கு அவன் சொன்னது மொத்தமும் ஒரு வரிசையாகக் கண்ணில் தெரிந்தது. இறுகுவது, வைப்பது, ஓட்டுவது, கையெழுத்து, நல்ல நாள். ஒவ்வொன்றும் நியாயம்தான். எதிலும் பொய் இல்லை. அது அத்தனையும் முடியும்போது அவள் சித்தி வீட்டு மாடியில் சிறுவாணித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள், இவன் வானகரம் சிக்னலில் தூங்கிக்கொண்டிருப்பான். இவன்மேல் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்டதற்காக ஒரு மனிதன் தன் தொழில் பழக்கத்தையே விட்டிருக்கிறான். இதைவிட அதிகமாக இவனால் ஒரே மாசத்தில் செய்ய முடியாது.

"ஜுல்ஃபிகர், தண்ணியை நிறுத்துங்க" என்றாள்.

அவன் பைப்பை மடக்கிப் பிடித்தான். ஷெட்டில் மின்விசிறிச் சத்தமும் இலை போடும் சத்தமும் மட்டும் கேட்டன.

"இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க அம்மாவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. அத்தாகிட்ட உங்களுக்கு என்னைப் பெண் கேக்கச் சொல்லுங்க."